கழுவிய கிழங்குகள்

திங்கட்கிழமை

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே அம்மா, உன் அண்ணி, நான் மூவரும் நலம். மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சொன்னாய். வாயைத் திறந்து சிரிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு. அம்மா தினமும் கேட்கிறாள்.

எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் பாதி விஷயம் சொல்கிறாய், மீதி நேரம் சண்டை போடுகிறாய், கிடங்குச் சமாசாரம் எதுவானாலும் தேதி போட்டு எழுது, என் பேராசிரியரிடமும் காட்டுவேன் என்று உத்தரவு போட்டவள் நீதான். அதோடு நம் வீட்டுப் போன் அம்மாவின் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. டாக்டர் கத்திச் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. நாம் குசுகுசுவென்று பேசினால் மட்டும் ஒரு எழுத்து விடாமல் கேட்கும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாலுக்கு உடம்பு சரியில்லை. உன்னைச் சொல்லவில்லை, உன் பட்டப்பெயர் வைத்த கிழங்கைச் சொல்கிறேன். பேராசிரியருக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்தே எழுதுகிறேன். ஐயா, நாங்கள் விதை உருளைக்கிழங்குக் கிடங்கு வைத்திருப்பவர்கள். நடுவதற்கான கிழங்கை அறுவடையிலிருந்து அடுத்த நடவு வரை கெடாமல் காப்பது எங்கள் தொழில். ஏழு வருஷம் முன்பு என் தங்கை வேலை பார்த்த பழைய நிலையத்தில், அவள் இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஒரு கிழங்கை, இதில் புதுமை ஒன்றும் இல்லை என்று குப்பையில் கொட்டச் சொன்னார்கள். அவள் நாற்பது கிழங்கை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, மூக்கைச் சிந்தியபடி என் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். அதை நட்டேன். இலைக்கருகல் நோய் வந்து சுற்றுவட்டாரமே கறுத்துப்போன வருஷத்தில் அந்தப் பாத்தி மட்டும் பச்சையாக நின்றது. நடுவில் ஒரு வருஷம் ஆலங்கட்டி மழை அடித்து, கையில் மிஞ்சியது ஒரு கூடை. அதிலிருந்து மறுபடி பெருக்கி, இந்த வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி. உலகத்தில் வேறு எங்கும் இந்தக் கிழங்கு கிடையாது. முப்பது விவசாயிகள் வரும் நடவில் இதைத்தான் போடப் போகிறோம் என்று காத்திருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை காலை உள்ளறையைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. மீன் தொட்டியில் ரொம்ப நாள் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வருமே, அந்த வாடை. எடைக்கல் அக்காதான் கண்டுபிடித்தார். நம் கிடங்கில் தரம் பிரிப்பவர், உனக்கு நினைவிருக்கும். கிழங்கைக் கையில் வாங்கியதுமே எத்தனை கிராம், உள்ளே ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஒரு கிழங்கை எடுத்தவர் முகத்தைச் சுளித்தார். "தம்பி, இது கிழங்கு இல்ல, தண்ணிப் பை" என்றார்.

நீ கேட்டபடி தேதிவாரியாக: வியாழன் ஒரு பெட்டியில் ஆறு கிழங்கு. வெள்ளி மூன்று பெட்டி. சனி பதினொன்று. நேற்று பத்தொன்பது. தோல் முழுசாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே போய்விடுகிறது. உள்ளே வெள்ளையாகக் கட்டிக் கஞ்சி மாதிரி. நல்ல பாகத்துக்கும் கெட்ட பாகத்துக்கும் நடுவில் கரும்பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. எடுத்து எடுத்து வாளியில் போடுகிறோம். மறுநாள் பார்த்தால் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நான்கு.

உன் அண்ணி கிடங்குப் பக்கமே வருவதில்லை. வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வரச் சொல்கிறாள். நாலு நாளாக நான் பனியனோடுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருநாள் பார்த்துவிட்டு, "என்ன, வீட்ல மரியாதை குறைஞ்சுபோச்சா?" என்று கேட்டார். சிரித்தேன். சிரிக்கிற நிலைமையில் இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதிவு அலுவலர் பதினெட்டாம் தேதி வருவதாக இருக்கிறார். இந்த ரகத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதற்காக. பெட்டிகளைப் பார்த்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். கிழங்கை அழுகவைக்கும் கிருமியைத்தானே இத்தனை வருஷமாக நீ படிக்கிறாய்? ஒரு பொடி, ஒரு தெளிப்பு, ஒரு புகை, எதையாவது சொல். எங்கிருந்தாவது வாங்கிவிடுகிறேன்.

குட்டியை இனிப்பு தின்னவிடாதே. புதுப் பல் நன்றாக முளைக்கட்டும்.

இப்படிக்கு, உன்னை நம்பி உட்கார்ந்திருக்கும்
அண்ணன்


வெள்ளிக்கிழமை

அன்புள்ள வாலுக்கு,

உன் பதில் கிடைத்தது. மூன்று பக்கம். முதல் வரியிலேயே, இதற்கு மருந்து கிடையாது அண்ணா என்று எழுதிவிட்டாய். கொஞ்சம் சுற்றி வளைத்து எழுதியிருக்கக் கூடாதா? கோபத்தில் உன் அண்ணியிடம், மருந்தே இல்லாத நோய்க்கு எதற்கு ஐந்து மாடியில் ஆய்வுக்கூடம் என்று கத்தினேன். அவள் நிதானமாக, "அவங்க படிச்சதாலதானே மருந்து இல்லன்னாவது தெரிஞ்சுது. இல்லாட்டி கண்டதையும் வாங்கித் தெளிச்சுட்டு நிப்பீங்க" என்றாள். அண்ணியும் நாத்தனாரும் எப்போது கூட்டணி வைத்தீர்கள் என்று தெரியவில்லை.

கோபம் ஆறியபின் இரண்டாம் முறை படித்தேன். எடைக்கல் அக்காவையும் சுமை தூக்குகிறவர்களையும் காலிப் பெட்டிகள் மேல் உட்காரவைத்து, நீ எழுதியதை எனக்குப் புரிந்த மாதிரி சொன்னேன். தப்பு இருந்தால் திருத்து.

கிழங்கு என்பது லட்சக்கணக்கான குட்டிக் குட்டி செல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் பெக்டின் என்று ஒரு பசை. பழப்பாகு கட்டியாவதற்குக் காரணமான அதே பசை. இந்தக் கிருமி மண்ணிலேயே இருக்கிறது, கிழங்குத் தோலில் மூச்சுவிடும் துளைகள் உண்டே, அதில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்து ஒன்றும் செய்வதில்லை. வருஷக்கணக்கில் சும்மா இருக்கும். ஒன்று இரண்டாக இருக்கும்போது வாலாட்டினால் கிழங்கு விழித்துக்கொண்டு அடித்துவிடும் என்று அதற்குத் தெரியும். பெருகிப் பெருகிப் போதுமான கூட்டம் சேர்ந்ததும், ஒன்றுக்கொன்று ஏதோ ஒரு வேதிப்பொருளைச் சுரந்து தலையெண்ணிக்கொண்டு, எல்லாமாக ஒரே நேரத்தில் நொதிகளை அவிழ்த்துவிடுகின்றன. அந்த நொதிகள் பசையைக் கரைக்கின்றன. பசை போனால் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று கூழாகிவிடும். தோலில் இருக்கும் தக்கைப் பொருளை மட்டும் அவற்றால் கரைக்க முடியாது. அதனால்தான் வெளியே ராஜா மாதிரி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் நிறுத்திவிட்டு, அந்த வரியை மறுபடி வாசித்தேன். பசை உடைந்து வரும் துண்டுகளை வைத்துத்தான் கிழங்கு தனக்கு ஆபத்து என்று தெரிந்துகொள்கிறது என்று எழுதியிருந்தாய். அதே துண்டுகளைத் தின்றுதான் கிருமி இன்னும் அதிக நொதியைச் சுரக்கிறது என்று அடுத்த வரி. எடைக்கல் அக்கா, "அப்ப அது கத்தினா, அடிக்கிறவனுக்குப் பசிதான் எடுக்குது" என்றார். சுமை தூக்குகிறவர் ஒருவர் எழுந்து போய் வாளிகளைக் கழுவ ஆரம்பித்தார்.

நீ கேட்ட பன்னிரண்டு கேள்விக்கும் பதில் கீழே. இதைப் பார்த்துத்தான் என்ன செய்வது என்று சொல்வேன், ஒன்றுகூட விடாதே, பொய் சொல்லாதே என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் என் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தை நீதானே போட்டுக் கொடுப்பாய், அந்தக் காலத்திலிருந்தே உனக்கு என்மேல் சந்தேகம்.

அறுவடையின்போது மண் ஈரமா: இல்லை, காய்ந்திருந்தது. இயந்திரத்தால் தோண்டினாயா: கையால். அடிபட்ட கிழங்கு இருந்ததா: கொஞ்சம், பிரித்துவிட்டோம். வயலில் தண்டு கறுத்த செடி இருந்ததா: ஒரு மூலையில் நான்கைந்து, பிடுங்கிப் போட்டோம், அந்த மூலைக் கிழங்கு எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. பெட்டி பழசா: மரப்பெட்டி, வெயிலில் காயவைத்தது. கூரை ஒழுகுகிறதா: இல்லை. கழுவினாயா: இல்லை. இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம், விதைக்கிழங்கைக் கழுவுவோமா? மண் போர்வைதான் அதற்குப் பாதுகாப்பு என்று எனக்குத் தெரியாதா? உள்ளறை எத்தனை டிகிரி: எட்டு. வெளியறை: பதினான்கு. காற்றாடி: இரண்டு ஓடுகின்றன, ஒன்று முனகுகிறது. பெட்டி எத்தனை அடுக்கு: ஆறு. இதுவரை மொத்தம் எத்தனை பெட்டி தொற்று: நேற்று மாலை வரை நாற்பத்தேழு.

நல்ல பெட்டி இன்னும் நூற்று அறுபத்தைந்து இருக்கிறது. அதில் பாதி மிஞ்சினால்கூடப் போதும். கால்வாசி மிஞ்சினால்கூட. இரண்டே வருஷத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவேன். நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

அம்மாவிடம் கிடங்கில் எலி செத்துவிட்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை எலி என்று கேட்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்


ஞாயிற்றுக்கிழமை

என் அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டாதே. மாப்பிள்ளையிடம்கூட வேண்டாம். முதலில் நீ மட்டும் படி.

போன வாரம் போனில், எல்லாம் போய்விட்டது என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு நீ எழுதிய கடிதம் முந்தாநாள் வந்தது. என் தப்புதான் அண்ணா, நான் சொன்ன யோசனையால்தான் மிச்சமும் போனது, இத்தனை வருஷம் படித்து என் சொந்தக் கிழங்கையே என் வாயால் கொன்றுவிட்டேன், இனி யாருக்கும் யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை தனியாக உன் அண்ணிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அதைப் படித்தபின் என்னால் உட்கார முடியவில்லை.

வாலு, நீ சொன்னது தப்பில்லை. நான்தான் பொய் சொன்னேன்.

கழுவினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டியையும் கழுவினேன்.

எப்படி என்று சொல்கிறேன், கேள். இரண்டு மாதம் முன்பு பதிவு அலுவலர் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க, மண்ணும் மட்டையுமா இருக்கு, படத்துல எப்படித் தெரியும்?" என்று விளையாட்டாகச் சொன்னார். அது என் மனசில் தைத்துவிட்டது. படிவத்தில் உருவாக்கியவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உன் பெயரை எழுதியிருந்தேன், பட்டப்பெயர் இல்லை, உன் முழுப் பெயர், படிப்பு எல்லாம் போட்டு. உன்னிடம் சொல்லவில்லை. பதிவு ஆனதும் அந்தக் காகிதத்தையும் படத்தையும் உனக்கு அனுப்பி, குப்பையில் கொட்டச் சொன்னவர்களுக்கு ஒரு நகல் அனுப்பலாம் என்று நினைத்திருந்தேன். படம் நன்றாக வர வேண்டும் அல்லவா? நீ உன் ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் வரிசையாக வைத்த வேறு ரகக் கிழங்குகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, ஒவ்வொன்றும் பளபளவென்று. அந்த மாதிரி நம் கிழங்கும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன்.

எடைக்கல் அக்கா தொட்டிக்குக் குறுக்கே நின்றார். "வேணாம் தம்பி, விதைக்குத் தண்ணி ஆகாது" என்றார். பெரிய விஞ்ஞானிகளே கழுவித்தான் வைக்கிறார்கள், நீங்கள் ஒதுங்குங்கள் என்றேன். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். அந்த மூலையில் தண்டு கறுத்த செடிகளின் கிழங்கும் அதே தண்ணீரில்தான் முழுகியது. காயவைக்கலாம் என்றால் மூன்று நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. ஈரத்தோடு பெட்டியில் போட்டு, ஆறு அடுக்கு அடுக்கி, தூசி படக்கூடாது என்று மேலே பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்திவிட்டேன். நன்றாகப் போர்த்தினேன், வாலு. ஓரமெல்லாம் செருகி.

உன் ஏழாவது கேள்விக்கு இல்லை என்று எழுதியபோது எனக்கே அது பொய்யாகப் படவில்லை. நாற்பத்தேழு பெட்டிதானே போயிருக்கிறது, மீதி நன்றாக இருக்கிறது, கழுவியதால் என்றால் எல்லாமே அல்லவா போயிருக்க வேண்டும் என்று எனக்கு நானே வழக்காடிக்கொண்டேன். அதைவிட முக்கியம், நீ என்ன நினைப்பாய் என்ற பயம். நாற்பது கிழங்கை என்னை நம்பித்தான் கொடுத்தாய். கடிதத்தை ஒட்டும்போது எடைக்கல் அக்கா, "எல்லாத்தையும் எழுதிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதிலாக இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

என் பதிலை நம்பி நீ யோசனை சொன்னாய். கழுவாத, காய்ந்த கிழங்கு என்றால் நோய் அந்த மூலைப் பெட்டிகளோடு நிற்கும், மற்றதைத் தொட்டால் அடிபட்டுப் பரவும், அதனால் தொடாதே, கெட்ட பெட்டிகளை மட்டும் அப்புறப்படுத்து, நல்லவற்றை உள்ளறையிலேயே வைத்து, குளிரை நான்கு டிகிரிக்கு இறக்கி, பத்து நாள் கதவைத் திறக்காதே. அதுதான் நீ சொன்னது. கழுவிய கிழங்கு என்றால் என்ன சொல்லியிருப்பாய் என்று உன் பழைய குறிப்பேட்டிலேயே இருக்கிறது. மாடியில் உன் பெட்டியைக் குடைந்து எடுத்துப் படித்தேன். உடனே பிரி, ஒற்றை அடுக்காகப் பரப்பு, காற்றாடி வை, தண்ணீர்ப் படலம் போனால்தான் துளைக்குள் காற்றுப் போகும், காற்றுப் போனால்தான் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளும். உன் கையெழுத்தில், கோடு போட்டு. பரப்புவதற்குப் பள்ளிக்கூட மைதானம் காலியாகத்தான் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஊர் முழுக்க இருக்கிற காற்றாடியை எல்லாம் கடன் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

அதை எப்போது படித்தேன் தெரியுமா? கதவைச் சாத்திய நான்காம் நாள். நூற்று அறுபத்தைந்து பெட்டியில் பாதியாவது அப்போதும் நன்றாக இருந்திருக்கும். குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றேன். திறந்தால் உன்னிடம் ஏன் திறந்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் கழுவியதைச் சொல்ல வேண்டும். தங்கச்சி சொன்னபடி பத்து நாள் இருப்போம், அவள் படித்தவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பி வந்துவிட்டேன். டாக்டரிடம் பொய்யைச் சொல்லிவிட்டு, அவர் கொடுக்கிற மாத்திரை மட்டும் உண்மையாக வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆள் நான்.

பத்தாம் நாள் காலை திறந்தோம். கதவுக்குக் கீழே ஏற்கெனவே ஈரம் கசிந்திருந்தது. பெட்டிகளின் இடுக்கில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேல் பெட்டியில் கிழங்கெல்லாம் வைத்தது வைத்தபடி வரிசையாக இருந்தன, மண் இல்லாமல், பளிச்சென்று. எடைக்கல் அக்கா ஒன்றை எடுத்தார். அது கையில் தோலாக வந்தது. அடுத்ததை எடுத்தார். அப்படியே பெட்டி பெட்டியாக, மத்தியானம் வரை, ஒவ்வொரு கிழங்கையும் தொட்டுப் பார்த்தார். நான் போதும் அக்கா என்றேன். "ஒண்ணாவது இருக்கும் தம்பி, இருங்க" என்றார். ஒன்றும் இல்லை. வேலை முடிந்து கை கழுவும்போது அழுதார். நானும் அழுதேன். சுமை தூக்குகிறவர்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

அதற்கப்புறம் நான் செய்யாத பைத்தியக்காரத்தனம் இல்லை. போன பருவத்தில் நமக்காகப் பெருக்கிக் கொடுத்த ஐந்து பேர் வீட்டுக்கும் போனேன். சமையலறையில், பரணில், மாட்டுத் தீவனத்தில், எங்காவது ஒரே ஒரு வாலு தங்கியிருக்கிறதா என்று கெஞ்சினேன். "எண்ணித் தந்தோமேங்க, ஒண்ணுகூட வீட்ல வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே அவ்வளவு கறாரா இருந்தீங்க" என்றார்கள். எல்லாரும் நாணயமானவர்கள். ஒரே ஒரு திருடனாவது இருந்திருக்கக் கூடாதா? நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு பெண்மணி போன வருஷம் ஒரு சின்னக் கூடை கேட்டு இரண்டு தடவை வந்தார். பதிவு ஆகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பியவன் நான்தான். இப்போது அவர் என்னைப் பார்த்தால் குறை சொல்வதில்லை, அது இன்னும் மோசமாக இருக்கிறது.

அறுவடை முடிந்த வயலில் விட்டுப்போன கிழங்கு கிடைக்குமா என்று மண்வெட்டியோடு போனேன். உழுது வேறு பயிர் வைத்துவிட்டார்கள். கெஞ்சி அனுமதி வாங்கி, வரப்போரமாக மூன்று நாள் கிளறினேன். இரண்டு கிழங்கு கிடைத்தது. ஓடிவந்து எடைக்கல் அக்கா கையில் கொடுத்தேன். ஒன்றை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வாலு இல்ல தம்பி. கண்ணு ஆழமா இருக்கு பாருங்க" என்றார். இன்னொன்றும் அப்படித்தான்.

பதிவு அலுவலர் பதினெட்டாம் தேதி வந்தார். காலிப் பெட்டிகளைக் காட்டினேன். வருத்தப்பட்டார், நல்ல மனிதர். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை உனக்கு அனுப்பலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று பீரோவில் வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அவகிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே நீ உன்னைக் குறை சொல்வதை இந்த நிமிஷத்தோடு நிறுத்த வேண்டும். உன் படிப்பில் குறை இல்லை, உன் யோசனையில் குறை இல்லை. குறை முழுக்க என் ஒரே சொல்லில் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. என்மேல் கோபப்படு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் ஆய்வுக்கூடத்துக்குப் போவதை விட்டுவிடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்டபடி அழுகிய கிழங்கின் மாதிரியைக் குப்பியில் போட்டு, அனுமதிச் சீட்டோடு அனுப்பினேன் அல்லவா? அதிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து, எண் போட்டு, உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டதாகவும், முப்பது வருஷம் ஆனாலும் அது உயிரோடு இருக்கும் என்றும் எழுதியிருக்கிறாய். ஆராய்ச்சிக்கு உதவும் என்கிறாய். உதவட்டும். எனக்கு அதைக் கேட்டதும் வயிறு எரிந்தது, இருந்தாலும் உதவட்டும்.

நான் கேட்பது வேறு. அந்தக் குப்பியில் நான் போட்டது கிருமியை மட்டும் இல்லை. கிழங்கையே கரண்டியால் வழித்துத்தான் போட்டேன், நிறையப் போட்டேன். நொதி முதலில் கரைப்பது நடுவில் இருக்கும் பசையைத்தான், செல் தனித்தனியாகக் கழன்று மிதக்கும் என்று நீதானே எழுதினாய்? அப்படியானால் அந்தக் கூழில் எங்கேயாவது ஒரு செல், ஒன்றே ஒன்று, உடையாமல் இருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு செல்லிலிருந்து முழுச் செடியை வளர்த்துக் கண்ணாடிக் குழாயில் வைத்திருப்பதை நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். நான் அன்றைக்கு நம்பாமல் சிரித்தேன். உன்னை ஒரு தடவை பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். உருப்பெருக்கியில் வைத்து ஒரே ஒரு தடவை தேடிப் பார்.

இதற்கு நீ என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். சுவர் பலம் போனதும் செல்லும் வெடித்துச் செத்துவிடும் அண்ணா என்று, உன் வழக்கப்படி முதல் வரியிலேயே எழுதிவிடுவாய். எழுதத்தான் வேண்டும். நீயும் நானும் இனிமேல் பொய் சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஆனால் உடனே எழுதாதேம்மா. கொஞ்ச நாள் கழித்து எழுது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன்
அண்ணன்